அரைவாசிச் சொல்லுக்குத் துடக்கில்லை

எங்கள் வீட்டில் கலியாணமோ காதுகுத்தோ வரப்போகிறதென்றால், பந்தல்கால் நடுவதற்கு முன்பே ஒரு வேலை நடக்கும். அப்பா ஒவ்வொருவரிடமாக வந்து கையை நீட்டுவார். நாங்கள் முனகிக்கொண்டே எங்கள் போனைக் கொடுப்போம். எல்லாவற்றையும் நிற்பாட்டி, அலுமாரியின் அடித்தட்டில் தன் பட்டு வேட்டிக்குக் கீழே அடுக்கிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அதற்குப் பிறகு காரியம் முடியும்வரை கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று ஒரு நாடும் உலகத்தில் இல்லை. அப்பா இப்போது இல்லை. அந்த நீட்டிய கையை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது, பிறகுதான் மற்றது.

எல்லாம் துடக்குக்கு, தீட்டுக்குப் பயந்துதான். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் தகப்பன்வழிச் சொந்தத்தில் யாராவது இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சாமியறையில் விளக்கு வைக்கக்கூடாது, நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. பிள்ளை பிறந்தாலும் அதே கதைதான். வந்தாலும் துடக்கு, போனாலும் துடக்கு என்று நான் பகிடி விட்டால் அம்மா முறைப்பார். பெண்களுக்கு மாதாமாதம் வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு வருகிற கோபத்தில் இந்தக் கதை வேறு பக்கம் போய்விடும், விடுங்கள்.

இவ்வளவு கடுமையான சட்டத்தில் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. கேள்விப்படாதவனுக்கு ஒன்றுமில்லை. எல்லா நாளும் கழிந்த பிறகு கேள்விப்பட்டால் தலையில் தண்ணீர் வார்த்தால் போதும். கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் அந்த வாசலை யாரும் தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. கடிதம் கடல் கடந்து எங்கள் ஊரான இலுப்பைக்கடவைக்கு வந்து சேர்வதற்குள் துடக்கு தானாகவே கழிந்துபோயிருக்கும். கிணற்றடியில் ஒரு முழுக்கு, கொஞ்சம் அழுகை, அவ்வளவுதான்.

பிறகு போன் வந்தது. எங்கள் பகுதி ஆட்கள் வயல் செய்தவர்கள். சண்டைக் காலத்தில் சிதறி, திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அங்கே பெருகினார்கள், அங்கேயே வயதானார்கள். பாரிசில் நாங்கள் கண்ணால் காணாத ஒரு பெரியவர் கண்ணை மூடினால், அடுத்த நிமிடம் எங்கள் குசினியில் மோதகம் அவித்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை நூர்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை அப்பா ஆசைப்பட்டு வாங்கிய புது மோட்டார் சைக்கிள் கோயிலில் பூசை போடாமல் ஓட்டக்கூடாதென்று ஒரு மாதம் முழுவதும் மாட்டுக்கொட்டிலில் சீலை போர்த்தியபடி நின்றது. காரணம் சூரிச்சில் ஒரு பிள்ளை சுகமாகப் பிறந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு எங்கள் மோட்டார் சைக்கிளில் என்ன கோபமோ தெரியவில்லை.

வாழ்க்கை மாற மாற அப்பாவும் அம்மாவும் சட்டத்துக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். திருக்கேதீஸ்வரத்துத் திருவிழாவைப் போனில் நேரலையாகக் காட்டத் தொடங்கியபோது, துடக்குக்காரர் அதைப் பார்க்கலாமா என்று வீட்டில் இரண்டு நாள் விவாதம். அப்பா ஐயரிடம் போய்க் கேட்டுவந்தார். பார்க்கலாம், ஆனால் சாமியறைக்குள் வைத்துப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்பு. அன்றிலிருந்து துடக்குக் காலத்தில் அம்மா முழுகிவிட்டு, விறாந்தையில் கதிரை போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துத் தேர் பார்ப்பார். தேர் அசையும்போது எழுந்து நின்று கும்பிடுவார். நடுவில் விளம்பரம் வந்தால் கையைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருப்பார். விளம்பரத்தைக் கும்பிடக்கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, அக்காவின் கலியாணம் வரும்வரை. முதல் முறை நாள் வைத்து, மண்டபம் பேசி, கூறைச்சேலை எடுத்த பிறகு பிரான்சில் ஒரு சாவு. தள்ளிவைத்தோம். அந்த மாப்பிள்ளை வீட்டார் அதைக் கெட்ட சகுனமென்று நினைத்து மெல்லக் கழன்றுவிட்டார்கள். அடுத்த சம்பந்தம் பொருந்தி வரவே காலம் எடுத்தது. அதற்கும் நாள் குறித்த பிறகு லண்டனில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. அந்த மாப்பிள்ளை வெளிநாட்டு விசா வந்ததும் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அழவில்லை. கூறைச்சேலையை மடித்துக் கொடுத்துவிட்டு, "இனி எனக்கு ஒண்டும் பேசாதையுங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் செத்து முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். அப்பா அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனவர், பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி முன் நிற்கிற நேரம் கூடியிருந்தது. இந்த முறையும் குழம்பினால் அக்கா இனி ஒருபோதும் சம்மதிக்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். திருக்கேதீஸ்வரத்தில் ஒரு மடத்தில் கலியாணம். துடக்கோடு அந்த வளவுக்குள் அவர் கால் வைக்கமாட்டார். தகப்பன் வராவிட்டால் தாரை வார்த்துக் கொடுப்பது யார்? அதனால்தான் போன்களைப் பூட்டிவைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் பிறந்தது. சின்னச் சின்னக் காரியங்களில் பழகிப் பார்த்து, இந்தக் கலியாணத்துக்காகவே அதை அப்பா தேர்ச்சியாக்கி வைத்திருந்தார்.

ஆனால் உலகத்தை முழுதாகப் பூட்டிவைக்க முடியாதே. மாப்பிள்ளை வீட்டார் கதைக்க வேண்டும், வாழையிலைக்காரன் கதைக்க வேண்டும். அதற்காக அப்பா ஒரு ஆளை ஏற்பாடு செய்தார். அவர்தான் சம்மாட்டி மாமா.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. வேதக்காரர், கத்தோலிக்கர். கடற்கரைப் பக்கம் இரண்டு படகும் வலையும் வைத்திருந்ததால் ஊரே அவரைச் சம்மாட்டி என்றது. அப்பாவும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவருடைய சட்டங்கள் வேறு. கடல் நிறைய மீன் கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை படகு இறக்கமாட்டார். தபசுகாலம் முழுவதும் இறைச்சியும் சாராயமும் தொடமாட்டார். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்தே போவார். பின்னால் மகன் மோட்டார் சைக்கிளில் குளிர்ந்த சோடாவோடு வருவான். சோடா குடித்தால் நேர்த்தி முறியாது என்று மாமா தனக்குத் தானே தீர்ப்பு வழங்கியிருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தனக்குச் சலுகை கொடுத்ததே இல்லை. பொய் சொல்லமாட்டார். மீன் வாங்க வருகிறவரிடம், "இது நேத்தையான். குழம்புக்கு ஆகாது, பொரிச்சுத் தின்னு" என்று தானே சொல்லிவிடுவார். அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொள்வார். மாமா கணக்கெடுக்கமாட்டார்.

வேதக்காரருக்குத் துடக்கில்லை. அதனால் வெளிநாட்டுச் செய்தி எதுவென்றாலும் மாமாவின் போனுக்குச் சொல்வதென்றும், மாமா அதைத் தனக்குள் வைத்திருந்து காரியம் முடிந்த பிறகு சொல்வதென்றும் ஏற்பாடு. மாமா முதலில் தயங்கினார். "ஆராவது என்னட்டக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன் மச்சான்" என்றார். "நீ பொய் சொல்ல வேண்டாம். நாங்கள் கேக்கமாட்டம்" என்றார் அப்பா. இரண்டு சமயமும் அந்த இடத்தில் கைகுலுக்கிக்கொண்டன.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், டொரோண்டோவில் இருந்தார். எங்களுக்குப் பெரியப்பா. அந்த நாட்களில் அவருக்கு உடம்பு சரியில்லை. வருத்தம் முற்றிவிட்டதென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. போன்களைப் பூட்டுவதற்கு முதல் ஞாயிறு அப்பா அவரோடு கதைத்தார். பெரியப்பாவின் குரல் மெலிந்திருந்தது. "நான் இருக்கிறன், நீ பயப்படாமல் கலியாணத்தை நடத்து. வரேலாமல் போச்சுது, அதுதான் மனவருத்தம்" என்றார். அப்பா, "நீங்கள் வந்த மாதிரித்தான் அண்ணை" என்றார். பிறகு போனை நிற்பாட்டி வேட்டிக்குக் கீழே வைத்தார்.

அந்தக் கிழமையைப் போல ஒரு கிழமை எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. போன் இல்லாததால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பலகாரச் சூட்டுக்கு வந்த பெண்கள் குசினியை நிரப்பினார்கள். பயித்தம் பணியாரத்துக்கு மா குழைத்த கையோடு அம்மா பழைய பாட்டுப் பாடினார். அவருக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா கைநிறைய மருதோண்டியோடு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க, நான் அவருக்குச் சோறு ஊட்டினேன். அப்பா பந்தலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் பொழுது படும்போது, "இண்டைக்கும் தப்பியாச்சு" என்பார்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை நான் படலையடியில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா முற்றத்தில் குருத்தோலை வெட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாமா இறங்கி, போனை உள்ளங்கையில் ஏந்தி முன்னால் நீட்டிப் பிடித்தபடி வேகமாக வந்தார். பூசைத் தட்டைக் கொண்டுவருவது போலப் பிடித்திருந்தார்.

"மச்சான், கொண்ணை..." என்று அப்பாவின் அண்ணனைச் சொல்லித் தொடங்கினார்.

அப்பாவின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதை!" என்று கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "சொல்லாதை மச்சான்! எனக்கு அண்ணையும் இல்லை, தம்பியும் இல்லை! பிள்ளைக்குத் தாலி ஏறுமட்டும் எனக்கு ஒருத்தரும் இல்லை, போ!" என்றபடியே பின்வேலிக் கண்டாயத்தால் நுழைந்து வயலுக்குள் ஓடிவிட்டார். அந்த வயதில் அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

மாமா அந்த இடத்திலேயே நின்றார். பிறகு போனைக் காதில் வைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சத்தமாகச் சொன்னார். போனைப் பார்த்தார், திரும்பவும் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அவரைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்பதுதானே ஏற்பாடு.

அப்பா திரும்பி வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். பெரியப்பா போய்விட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் விளங்கியது, அக்காவுக்கு மட்டும் தெரியாது. அப்பா கால் கழுவிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவன் சொல்லி முடிக்கேல்லை. பெயர்தான் எடுத்தவன். அரைவாசிச் சொல்லுக்குத் துடக்கில்லை."

அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத அந்தத் தீர்ப்பை அப்பா அந்தச் சேற்றுக்குள் நின்று தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மறுத்துப் பேச எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கலியாணம் நடந்தது. மடத்து முற்றத்தில் வெயில் சாய்வாக விழுந்தது, நாதஸ்வரக்காரர் ஆசையோடு வாசித்தார், அக்கா கூறைச்சேலையில் இன்னொரு ஆளாக இருந்தார். அப்பா அக்காவின் கையை மாப்பிள்ளையின் கைக்குள் வைத்துத் தண்ணீர் வார்த்தபோது அவர் கண்ணிலிருந்தும் வழிந்தது. மகளைக் கொடுக்கிற தகப்பன் அழுகிறார் என்று சனம் நினைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு மாமி எனக்குச் சொல்லியும் காட்டினார். நான் ஓம் ஓம் என்றேன். இல்லாமல் போன அண்ணனுக்காகவும் அதே கண்ணால்தான் அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு சொட்டில் எது யாருக்கு என்று பிரிக்கவா முடியும்?

அக்காவும் அத்தானும் கால்மாறும் சடங்குக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகுதான் மாமா வந்தார். படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "இனிச் சொல்லு" என்றார் அப்பா. "கொண்ணை மோசம் போயிட்டார் மச்சான்" என்றார் மாமா. அப்பா நேரே கிணற்றடிக்குப் போய் உடுத்த வேட்டியோடு தலையில் தண்ணீர் அள்ளி அள்ளி வார்த்தார். மாமா வாளியை வாங்கித் தானும் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார்.

முழுகிவந்த அப்பா அலுமாரியைத் திறந்து போனை எடுத்தார். டொரோண்டோவில் பெரியப்பாவின் மகன் எடுத்தார். அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம், ஒலிபெருக்கியில் கேட்டது.

"கலியாணம் நடந்த அண்டுதான் சித்தப்பா அப்பா போனவர். அதுக்கு முதல்நாள் உங்களோட ஒருக்காக் கதைக்கோணும் எண்டு நல்லா அந்தரப்பட்டவர். உங்கட போன் வேலை செய்யேல்லை. அதுதான் சம்மாட்டி மாமான்ர போனுக்கு எடுத்து அப்பான்ர கையில குடுத்திட்டு, நான் டொக்டரிட்டப் போனனான். கதைச்சனீங்கள்தானே சித்தப்பா?"

அப்பா போனை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மாதான் ஏதோ சொல்லி வைத்தார். மாமா அன்று காலை கொண்டுவந்தது சாவுச் செய்தி அல்ல, உயிரோடு இருந்த ஒரு மனுசன் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அப்பா ஈரத் தலையோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு, கடற்கரைக்கு விடு என்றார். நான்தான் ஓட்டினேன். மாமா வலை காயப்போட்ட இடத்தில் நின்றார். அப்பா இறங்கினதும் கேட்டார், "அண்ணை லைன்ல இருந்தவரே? நான் கத்தினது அவருக்குக் கேட்டதே?"

மாமா அப்பாவை நேராகப் பார்த்தார்.

"இல்லை மச்சான். நான் உன்ர படலையடிக்கு வரமுன்னமே லைன் அறுந்திட்டுது. திருப்பி எடுத்துத் தருவம் எண்டுதான் கொண்டுவந்தனான். அதுக்குள்ள நீ ஓடீட்டாய்."

அப்பா அப்படியே மணலில் குந்திவிட்டார். நிம்மதியில் அழுதார். "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று எனக்கும் சொன்னார், ஏதோ எனக்குத்தான் ஆறுதல் தேவைப்பட்டது போல. மாமா சொன்னால் அது உண்மை. மீனைப் பற்றியே பொய் சொல்லாதவர்.

அதற்குப் பிறகு அப்பா ஒருபோதும் போனை நிற்பாட்டவில்லை. திருவிழா என்றாலும் சரி, யாருடைய கலியாணம் என்றாலும் சரி, வெளிநாட்டு இலக்கம் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எடுத்ததும் சுகம் கேட்கமாட்டார். "ஆர்? இருக்கிறியளோ?" என்பார். அதனால் எத்தனையோ துடக்கு நேரே காதில் வந்து விழுந்தது. அக்காவின் மாமனாரின் மணிவிழாவுக்குப் போகாமல் நின்றார், ஒரு வருடம் தேரைத் தவறவிட்டார். முணுமுணுக்காமல் எல்லாம் காத்தார். சட்டத்தை அவர் விடவில்லை, அதிலிருந்து தப்புவதைத்தான் விட்டுவிட்டார்.

சில வருடங்கள் கழித்து மாமாவின் பேத்திக்கு முதல் நன்மை வந்தது. வேதக்காரப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. எங்களுக்கும் அழைப்பு. அப்பாவும் நானும் கோயிலில் கடைசி வாங்கில் இருந்தோம். வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக அந்தக் குட்டி முன்னால் போய் நாக்கை நீட்டியது. பிறகு வாங்கு வாங்காக எல்லோரும் எழும்பிப் போனார்கள். மாமாவின் மனைவி போனார், மகன் போனார், மருமகள் போனார். மாமா மட்டும் எழும்பவில்லை. ஆட்கள் அவரைத் தாண்டிப் போக வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டு, தலை குனிந்து இருந்தார். "முழங்கால் ஏலாது போல" என்றார் அப்பா. முதல்நாள்தான் அந்த மனுசன் படகு தள்ளியதை நான் கண்டிருந்தேன்.

விருந்து நேரம் மாமா கிணற்றடியில் கை கழுவும்போது தனியே பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மாமா நன்மை எடுக்கேல்லை? பேத்தின்ர முதல் நாளெல்லே?"

"கனகாலமா எடுக்கிறேல்லைப் பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் கையையே கழுவிக்கொண்டு நின்றார். பிறகு பந்தலுக்குள் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"லைன் அறுகேல்லை. கொப்பர் கத்தினது முழுக்க உன்ர பெரியப்பாவுக்குக் கேட்டது. நான் காதில வைக்க, 'தம்பி என்ன சொல்லுறான்?' எண்டார். பிறகு மெதுவா, 'என்னில கோவமோ அவனுக்கு? வரேல்லை எண்டோ?' எண்டு கேட்டார். ஐயோ இல்லை அண்ணை, துடக்குக்குப் பயந்து ஓடுறான் எண்டு கத்தினனான். அதுக்குப் பிறகுதான் அறுந்தது. நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. திருப்பி எடுக்க மகன் எடுத்து, அப்பா நித்திரை எண்டான். எழும்பட்டும், கொப்பரைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவர் எழும்பேல்லை."

கை கழுவ வந்த யாரோ எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"அந்த ஒரு பொய்க்குப் போய் ஏன் மாமா நன்மை எடுக்காமல்? பாவசங்கீர்த்தனத்தில சாமியாரிட்டச் சொன்னா முடிஞ்சுதுதானே" என்றேன் கடைசியில்.

"சொல்லுறதுக்கு மனஸ்தாபம் வேணும் பிள்ளை. செய்தது பிழை, இனிச் செய்யமாட்டன் எண்டு மனதால சொல்லோணும். எனக்கு அந்த மனஸ்தாபம் இல்லை. கொப்பர் திரும்பவும் வந்து கேட்டா, திரும்பவும் அதைத்தான் சொல்லுவன். அப்பிடி நினைச்சுக்கொண்டு போய்ப் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்கு முன்னால முழங்காலில நிண்டா, அது கடவுளுக்கும் ஒரு பொய்யெல்லே?"

பந்தலுக்குள்ளிருந்து அப்பா, மச்சான் எங்கே என்று கூப்பிட்டார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

நானும் அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அப்பா போன பிறகுதான் இதை எழுத முடிகிறது. தன் அண்ணனுக்குத் தான் கத்தியது கேட்கவில்லை என்று நம்பியபடியே அவர் போனார். அவருடைய கடைசி நாட்களில் மாமா கட்டிலடியில் இருந்து தன் முறைப்படி செபமாலை சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்து, வீடு கழுவி, நாங்கள் விளக்கு வைத்த அன்று மாமா வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"இனி நீங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம்தானே மாமா? இனி ஆர் வந்து உங்களைக் கேக்கப்போகினம்?"

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"போனனான் பிள்ளை. போன ஞாயிறு போய்ச் சாமியாருக்கு முன்னால முழங்காலில நிண்டனான். எல்லாம் சொன்னனான், அது மட்டும் வாயில வரேல்லை. கொப்பர் போனா மனஸ்தாபம் வந்திடும் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான்." தலையை மெல்ல ஆட்டினார். "வரேல்லை. அவன் அந்த மணலில குந்தியிருந்து 'கேக்கேல்லை' எண்டு அழுதானே, அதுதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது."